மூன்றாவது பக்கத்தில் மறுபடியும் அப்பா பெயர்

எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் போன மாதம் ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர், மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வந்திருந்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண், “அப்பா பேரு சொல்லுங்கய்யா” என்றார். “நான்தாம்மா அப்பா” என்று சொல்லிப் பெயரையும் சொன்னார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும், “அப்பா பேரு?” “முதல்லயே சொன்னேனேம்மா.” “இது மூணாவது பக்கம்ங்கய்யா, இங்கயும் கேக்குது.” வங்கி விவரம் கேட்கும் நான்காவது பக்கத்தில் ஏதோ பிழை வந்தது. பின்னால் போனார். முதல் பக்கம் வெறுமையாக நின்றது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பைக்குள் வைத்துவிட்ட சான்றிதழ்களை மறுபடியும் வெளியே எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

இணையதளங்கள் கட்டுவதுதான் என் பிழைப்பு. அந்த அடுக்கலைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. அந்தப் பெண் மேல் தவறில்லை, பெரியவர் மேலும் இல்லை. ஒரு படிவத்தில் வாங்கிய தகவலை அடுத்த படிவத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதை அந்தத் தளத்தைக் கட்டியவர்கள் சரியாக யோசிக்கவில்லை. சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் முப்பது ஆண்டுகளாக வெப் உலகம் இதே இடத்தில்தான் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்திருக்கிறது.

பிறவி மறதி

வெப் பிறவியிலேயே மறதி உள்ளது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் கொடுக்கும், அத்தோடு கணக்கு முடிந்தது. அடுத்த நொடியே அதே ஆள் வந்து இரண்டாம் பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அவர் முன்பின் தெரியாதவர். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி என்ற விதிமுறையை வேண்டுமென்றேதான் இப்படி அமைத்தார்கள். ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வகத்தில் வெப் உருவானபோது அதன் வேலை, ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வது. ஆவணம் படிக்க வருகிறவரை எதற்கு நினைவில் வைத்திருக்க வேண்டும்? யாரையும் நினைவில் வைக்காததால் சர்வரின் சுமை குறைந்தது, ஆயிரம் பேர் வந்தாலும் சமாளித்தது.

1993-இல் மொசைக் பிரவுசருக்குள் படிவங்கள் வந்தன. நிரப்பிய படிவத்தைச் சர்வரில் உள்ள நிரலிடம் ஒப்படைக்கும் சிஜிஐ என்ற ஏற்பாடும் அதே காலத்தில் வந்தது. படிப்பவர் எழுதவும் தொடங்கினார். ஒரு பக்கப் படிவம் என்றால் சிக்கல் இல்லை. இரண்டாவது பக்கம் என்று ஒன்று வந்ததும் மறதி பெரும் குறையாகிவிட்டது.

1994-இல், பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம், எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடை ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. வாங்குபவர் கூடையில் பாதிப் பொருள்களைப் போட்டுவிட்டு நிற்கும் அரைகுறை நிலையைத் தங்கள் சர்வரில் சேமித்து வைக்க எம்சிஐ விரும்பவில்லை. நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மோன்டுலி அதற்குக் கண்டுபிடித்த வழிதான் குக்கி. சர்வர் ஒரு சிறு சீட்டைப் பிரவுசரிடம் கொடுக்கும். பிரவுசர் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தச் சீட்டைக் காட்டும். விளம்பரக்காரர்கள் பின்தொடரும் கருவி என்றே இன்று நாம் அறிந்திருக்கும் குக்கி, பிறந்தது ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே கூடையைச் சுமப்பதற்காக.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சுற்றி வரலாம். அல்லது கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். படிவத்திலிருந்து படிவத்துக்குத் தகவல் போகும் வழிகள் எத்தனை பெயரில் வந்தாலும், கடைசியில் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். என் அனுபவத்தில் டோக்கன்தான் பெரும்பாலும் சரி. ஆனால் பழக்கத்தால் நம்மில் பலர் செருப்பைக் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

கையிலேயே கொடுத்தனுப்பும்போது

எல்லாவற்றிலும் பழைய முறை, தகவலை யூஆர்எல்-இலேயே ஒட்டி அனுப்புவது. முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பின்னால் நீளமாகத் தொங்குமே, அதுதான். ரயில் தேடலுக்கு இது பொருத்தம். எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி என்ற மூன்றும் யூஆர்எல்-இல் இருந்தால் அந்த லிங்கைச் சேமித்து வைக்கலாம், வீட்டில் உள்ளவர்களுக்கு அனுப்பலாம், பின்னால் போய்த் திரும்பலாம். ஆனால் ஒருவரின் பெயரும் பிறந்த தேதியும் வருமானமும் அதில் போகக் கூடாது. யூஆர்எல் பிரவுசரின் வரலாற்றில் தங்கும். சர்வரின் பதிவேடுகளில் எழுதப்படும். அந்தப் பக்கத்திலிருந்து வேறு தளத்துக்குப் போகும்போது அங்கேயும் தெரிந்துவிட வாய்ப்புண்டு. பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கம்ப்யூட்டரில், அடுத்து உட்காருகிறவர் முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தைத் தட்டினாலே முந்தையவரின் வாழ்க்கை விரிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். யூஆர்எல்-இல் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக மாறும். ‘தமிழ்’ என்ற சொல்லில் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் சேர்த்து 5 குறிகள். ஆக, யூஆர்எல்-இல் அது 45 எழுத்து. ஒரு முழு முகவரியைத் தமிழில் எழுதினால் யூஆர்எல் ஆயிரக்கணக்கில் நீண்டுவிடும். நடுவில் உள்ள ஏதாவது ஒரு சர்வர் அதை நீளம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த குழுவின் கண்ணுக்கு இது கடைசிவரை தெரியாது.

அடுத்தது ஹிடன் ஃபீல்டு. முதல் பக்கத்தில் வாங்கியதை இரண்டாம் பக்கத்தின் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாக எழுதி வைப்பார்கள். இரண்டாம் பக்கத்தை அனுப்பும்போது முதல் பக்கத் தகவலும் கூடவே போகும். குக்கி வேண்டாம், சர்வரில் சேமிப்பு வேண்டாம், எளிமை. இந்த எளிமைதான் பலரைக் கவிழ்த்தது. ‘ஹிடன்’ என்ற பெயரை நம்பி, மறைந்திருப்பதை யாரும் தொட முடியாது என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்தின் மூல நிரலைத் திறந்தால் அது எல்லாருக்கும் தெரியும். மாற்றியும் அனுப்பலாம்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், பல இணையக் கடை மென்பொருள்கள் பொருளின் விலையையே ஹிடன் ஃபீல்டில் வைத்திருப்பதை வெளியே சொல்லி எச்சரித்தது. பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் சேமித்து, விலையைக் குறைத்து எழுதி, வாங்கு பட்டனை அழுத்தினால் கடை அந்த விலையையே ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச்சில், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓட்டை நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலேயே வெளிப்பட்டது. படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தை, அதாவது பயனர் அடையாள எண்ணை, ஒருவர் தானாகச் சேர்த்து அனுப்பினார். சர்வர் வந்ததை எல்லாம் அப்படியே எழுதிக்கொண்டது. தனக்குச் சம்பந்தமில்லாத ரெயில்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தின் கோப்புகளில் எழுதும் உரிமை அவருக்குக் கிடைத்தது. உலகின் தேர்ந்த நிரலாளர்கள் கூடும் இடத்திலேயே இது நடந்தது என்பதை நான் ஒவ்வொரு புதுக் குழுவிடமும் சொல்வதுண்டு.

பயனரின் பிரவுசருக்கு ஒருமுறை போய்வந்த தகவலை, புதிதாக வந்த தகவலாகவே நடத்த வேண்டும். முதல் பக்கத்தில் சரிபார்த்தோமே என்று இரண்டாம் பக்கத்தில் விட்டுவிடக் கூடாது. கையில் கொடுத்தனுப்பியே ஆக வேண்டும் என்றால் அதோடு ஒரு முத்திரையும் வைக்க வேண்டும். சர்வருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியால் தகவலைக் கணக்கிட்டு, வந்த விடையைக் கூடவே அனுப்புவது. ஒரு எழுத்து மாறினாலும் விடை ஒத்துவராது. பழைய நாளில் கடித உறையில் அரக்கு வைத்த மாதிரி. உள்ளே இருப்பதை அது மறைக்காது. யாராவது கைவைத்தார்களா என்பதை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

டோக்கன் கொடுக்கும்போது

செஷன் என்பது டோக்கன் முறை. நிரப்பிய தகவல் சர்வரிலேயே இருக்கும். ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண் மட்டும் குக்கியாகப் பிரவுசருக்குப் போகும். தளங்கள் கட்டப் பயன்படும் பிஎச்பி என்ற நிரல் மொழியின் 4-ஆம் பதிப்பு, 2000 மே மாதம் வந்தது, இதை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. அதன் பிறகு சிறு தளம் கட்டுகிறவர்களும் இரண்டே வரியில் செஷன் வைத்தார்கள். விலையை மாற்றும் தந்திரம் இங்கே பலிக்காது, ஏனென்றால் விலை பிரவுசருக்குப் போகவே இல்லை.

ஆனால் செஷனுக்கும் இரண்டு பெரிய நோய்கள் உண்டு. முதலாவது காலக்கெடு. பிஎச்பி-யில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் செஷன் தகவலின் ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். அவ்வளவு நேரம் தொடாமல் கிடந்தால் அதைக் குப்பை என்று கருதி எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து சோதிக்கும் நிரலாளர் ஐந்து நிமிடத்தில் படிவத்தை முடித்துவிடுவார். வருமானச் சான்றிதழ் எண்ணைத் தேடி வீட்டுக்குப் போய் வருகிறவருக்கு 24 நிமிடம் எந்த மூலைக்கு? நமக்கு அது அமைப்புக் கோப்பில் ஒரு எண். அவருக்கு ஒரு நாள் கூலி. மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் வெப் அணுகல் வழிகாட்டியின் 2.2.6-ஆம் விதி, எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தகவல் அழியும் என்பதை முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. 20 மணி நேரத்துக்கு மேல் தகவலைக் காத்து வைத்தால் அந்த எச்சரிக்கை தேவையில்லை. நான் எச்சரிக்கையை விட்டுவிட்டுக் காத்து வைப்பதையே தேர்ந்தெடுப்பேன்.

இரண்டாவது நோய் அதைவிட மோசம், ஏனென்றால் சத்தமே வராது. ஒரு பிரவுசரின் எல்லா டேப்களுக்கும் செஷன் ஒன்றுதான். இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை செய்கிறவர் ஒரு டேபில் அக்காவின் விண்ணப்பத்தையும் இன்னொரு டேபில் தங்கையின் விண்ணப்பத்தையும் திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறி நிரப்புவது அன்றாடக் காட்சி. ‘விண்ணப்பம்’ என்ற ஒரே பெயரில் செஷனுக்குள் எல்லாவற்றையும் வைத்திருந்தால், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்துவிடும். அக்காவின் பெயரில் தங்கையின் வங்கிக் கணக்கு. பிழைச் செய்தி எதுவும் வராது. பணம் வராத பிறகுதான் தெரியும்.

இதற்குத் தீர்வு, விண்ணப்பம் தொடங்கும்போதே டேட்டாபேஸில் ஒரு வரைவை உருவாக்கி, அதன் எண்ணை ஒவ்வொரு பக்கத்தின் யூஆர்எல்-இலும் வைப்பது. அப்போது ஒவ்வொரு டேபும் தன் விண்ணப்பத்தைத்தான் பேசும். செஷன், உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை மட்டும் சொல்லும். இந்த வரைவு எண் இவருடையதுதானா என்று ஒவ்வொரு பக்கத்திலும் சரிபார்ப்பது கட்டாயம். இல்லாவிட்டால் யூஆர்எல்-இல் 1045-ஐ 1046 ஆக்கிப் பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தைப் பார்த்துவிடலாம். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிட்ட தளங்களை நானே சீர்செய்திருக்கிறேன், ஒன்றல்ல, பல.

பிரவுசருக்குள்ளேயே சேமிக்கும் வசதியும் இன்று இருக்கிறது. செஷன்ஸ்டோரேஜ் டேப் வாரியாகத் தனித்தனி, டேபை மூடினால் போய்விடும். லோக்கல்ஸ்டோரேஜ் மூடினாலும் தங்கும். நெட் விட்டு விட்டு வரும் ஊர்களில் நிரப்பிக்கொண்டிருக்கும் பக்கத்தைக் காப்பாற்ற முன்னது நல்லது. பின்னதைப் பொதுக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் விண்ணப்பத் தளங்களில் நான் வைப்பதில்லை.

படம் மட்டும் ஏன் காணாமல் போகிறது?

எல்லாக் கட்டங்களையும் திருப்பி நிரப்பிக் கொடுக்கும் தளங்களில்கூட, பிழை வந்ததும் புகைப்படமும் கையெழுத்தும் காணாமல் போகும். இதற்குக் காரணம் பிரவுசரின் பாதுகாப்பு. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை எந்தத் தளமும் தானாக நிரப்ப முடியாது. முடிந்தால், உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கோப்பை உங்களுக்குத் தெரியாமலே எடுத்துக்கொள்ளலாமே. ஆகவே முதல் முறை படம் வந்தவுடனே, மற்ற கட்டங்களில் பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைத் தற்காலிக இடத்தில் சேமித்துவிட வேண்டும். அடுத்த பக்கத்துக்குப் படம் போகத் தேவையில்லை, அதன் எண் போனால் போதும். மறுபடியும் டோக்கன்தான். சொன்ன அளவுக்குள் படத்தைச் சுருக்க எத்தனை பேர் எத்தனை முறை கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள் என்று தெரிந்தவர் யாரும் அந்தப் படத்தைத் தொலைக்க மாட்டார்.

பின்னால் போகும் பட்டனும் இப்படித்தான். சப்மிட் செய்தவுடன் அதே பதிலாக அடுத்த பக்கத்தைக் காட்டினால், ரீஃப்ரெஷ் செய்யும்போது பிரவுசர் படிவத்தை மறுபடி அனுப்பலாமா என்று கேட்கும். ஆமாம் என்றால் விண்ணப்பம் இரண்டாகும். தகவலைச் சேமித்துவிட்டு, ‘வேறு முகவரிக்குப் போ’ என்று பிரவுசருக்குச் சொல்லும் 303 என்ற பதிலோடு அடுத்த பக்கத்தின் முகவரிக்குத் திருப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தளம் விட்டுத் தளம் போகும்போது

இணைந்த படிவங்கள் எப்போதும் ஒரே தளத்தில் இருப்பதில்லை. கட்டணம் செலுத்தும் இடத்தில் நாம் வேறொருவரின் தளத்துக்குப் போகிறோம். அங்கிருந்து வங்கியின் ஓடிபி பக்கம், அங்கிருந்து மறுபடியும் புறப்பட்ட இடம். தொகையும் விண்ணப்ப எண்ணும் பிரவுசர் வழியாகத்தான் போய்வரும் என்பதால், முன்னே சொன்ன முத்திரை இங்கே உயிர்நாடி. திரும்பி வந்த பக்கம் ‘வெற்றி’ என்று சொல்வதை மட்டும் நம்பாமல், சர்வரே கட்டண நிறுவனத்தின் சர்வரை நேரடியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

2020 பிப்ரவரியில் வந்த குரோம் பிரவுசரின் 80-ஆம் பதிப்பு, இந்தத் திரும்பும் பாதையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கி கூடவே போகலாமா என்று சொல்லும் சேம்சைட் என்ற அமைப்பைக் குறிப்பிடாத குக்கிகளை, வேறு தளத்திலிருந்து வரும் படிவ அனுப்புதலோடு சேர்த்து அனுப்புவதில்லை என்பதே அது. பிற தளங்கள் உங்கள் பெயரில் படிவம் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்கும் நல்ல மாற்றம். ஆனால் வங்கியிலிருந்து திரும்பி வருவதும் வேறு தளத்திலிருந்து வரும் அனுப்புதல்தானே? பணம் போய்விட்டது. திரும்பி வந்தவரிடம் டோக்கன் இல்லை. சர்வர் அவரை அடையாளம் தெரியாதவராகப் பார்த்து ‘லாகின் செய்க’ என்றது. பெருந்தொற்றுக் காலத்தில் அத்தியாவசியச் சேவைகள் தடுமாறக் கூடாது என்று, 2020 ஏப்ரலில் குரோம் இந்த மாற்றத்தை நிறுத்திவைத்து, ஜூலையில் மறுபடி தொடங்கியது. குக்கி பிறந்து 26 ஆண்டுகள் கழித்தும், கூடையைச் சுமப்பது இவ்வளவு நுட்பமான வேலையாகத்தான் இருந்தது.

ஒரே பெயர், இரண்டு எழுத்து

தமிழில் படிவம் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘கோபால்’ என்ற பெயரில் உள்ள ‘கோ’-வை, ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘க’-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் வேறுபாடு தெரியாது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. முதல் படிவத்தை ஒரு கீபோர்டிலும் அடுத்ததை வேறொரு கருவியிலும் நிரப்பி, இரண்டு பெயரும் ஒத்துப்போகிறதா என்று தளம் ஒப்பிட்டால் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று வரும். பார்ப்பவர் எத்தனை முறை பார்த்தாலும் பெயர் சரியாகவே இருக்கும். சேமிக்கும் முன் எல்லாவற்றையும் யூனிகோடின் ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இது தீரும், ஒரு வரி நிரல்தான்.

நீளமும் அப்படியே. ‘மீனாட்சி’ நமக்கு நான்கு எழுத்து. குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் படிவக் கட்டத்தின் நீள வரம்புக்கு அது 8. முதல் பக்கம் 60 வரை அனுமதித்து, அடுத்த பக்கம் 30-இல் வெட்டினால், பெயர் நடுவில் ஒற்றை இழந்து நிற்கும். இணைந்த படிவங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு வேண்டும்.

2023 அக்டோபர் 5 அன்று, வெப்புக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட வெப் அணுகல் வழிகாட்டி 2.2-இல் 3.3.7 என்ற புது விதி சேர்ந்தது. ஒரே நடைமுறைக்குள் பயனர் ஏற்கெனவே கொடுத்த தகவலை மறுபடி கேட்கும் இடம் வந்தால், அதைத் தானாக நிரப்பிக் கொடு, அல்லது தேர்ந்தெடுக்கும்படி காட்டு என்கிறது அது. மறுபடி எழுதுவதே அவசியமாக இருக்கும் இடங்கள், பாதுகாப்புக்காகக் கேட்பவை, காலாவதியான தகவல்கள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மிகக் குறைந்தபட்சத் தேவையான ‘ஏ’ நிலையில் இதை வைத்திருக்கிறார்கள். நினைவாற்றல் குறைந்தவர்களையும் கை நடுங்குகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதிய விதி. பிரவுசிங் சென்டர் நாற்காலியில் சான்றிதழ்ப் பையோடு உட்கார்ந்திருக்கிறவருக்கும் அது பொருந்தும்.

தானாக நிரப்புவதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். முதல் பக்கத்தில் மாவட்டம் மதுரை, இரண்டாம் பக்கத்தில் வட்டம் மேலூர். கடைசிப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து ஒருவர் மாவட்டத்தைத் தேனி என்று திருத்தினால், மேலூர் அப்படியே இருக்கக் கூடாது. சத்தமில்லாமல் அழிக்கவும் கூடாது. மாவட்டம் மாறியதால் வட்டத்தை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லி, அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அழைத்துப்போய், முடித்ததும் கடைசிப் பக்கத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். நடுவில் உள்ள மூன்று பக்கங்களையும் மறுபடி நடக்க வைக்கத் தேவையில்லை. எந்தக் கேள்வியின் விடை எதைச் சார்ந்தது என்று ஒரு தாளில் வரைந்துவிட்டு நிரல் எழுதத் தொடங்கினால் இதெல்லாம் தானாக அமைந்துவிடும். நான் இப்போது எந்த விண்ணப்பத் தளத்துக்கும் முதல் நாள் அந்தத் தாளோடுதான் உட்காருகிறேன். பெரும்பாலும் அதன் முதல் வரியில் அப்பா பெயர் இருக்கும். பக்கத்திலேயே, அது எந்தெந்தப் பக்கங்களில் காட்டப்படும், எந்த ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கப்படும் என்று எழுதி வைப்பேன்.